பன்னிரண்டாவது சிலுவை

கும்மிடிப்பூண்டி
புதன்கிழமை

கர்த்தருடைய கிருபையினால் உயிரோடும் சுகத்தோடும் இருக்க வேண்டிய என் பிரின்சி அப்பாவுக்கு, கிரேஸ் எழுதுவது.

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை. உங்கள் குரலைக் கேட்டு இன்றோடு நாற்பத்து மூன்று நாள். உங்கள் நம்பருக்கு அடித்தால் ஒரு பெண் ஏதோ பாஷையில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறாள். உங்களை மலேசியாவுக்கு அனுப்பின ஏஜென்ட்டைக் கேட்டால், நடுக்கடலில் டவர் இல்லை, போனையெல்லாம் கேப்டன் வாங்கி வைத்துக்கொண்டார், நான் என்ன செய்ய முடியும் என்று என்னிடமே எரிந்து விழுந்தான். போன வாரத்திலிருந்து அவனும் போனை எடுப்பதில்லை.

எளாவூர் சந்திரமோகனை ஞாபகம் இருக்கிறதா? செக்போஸ்ட்டுக்குப் பக்கத்துக் கம்பெனியில் உங்களைப் போலவே டார்ச்சால் இரும்பு வெட்டுகிற கேஸ் கட்டர். பிரின்சி ஞானஸ்நானத்துக்கு வந்து மூன்று தட்டு பிரியாணியை ஒரு பேச்சும் இல்லாமல் முடித்தவர். அதே ஏஜென்ட் மூலமாக நீங்கள் இருக்கிற அதே பார்ஜுக்கு வருகிறார். சனிக்கிழமை விமானம். ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா அக்கா என்று காலையில் வீட்டுக்கு வந்து கேட்டார். ஊறுகாய் கொடுக்கலாம் என்று எழுந்தவள், அடுப்படிக்குப் போய் எடுத்த ஜாடியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். கடிதம் தருகிறேன் என்றேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரின்சி எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். உயரத்தில் என் காது வரைக்கும் வந்தாயிற்று, வாயில் என்னைத் தாண்டியாயிற்று. உங்கள் நைனாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, போட்டுவிட்டேன் என்று சாதிக்கிற பழக்கம் மட்டும் குறையவில்லை. பக்கத்து வீட்டு மணியம்மாள் பெரியபாளையத்துக்குப் போனவர் உங்கள் பேரில் வேண்டிக்கொண்டு குங்குமம் கொண்டுவந்தார். உங்க சாமி கோச்சிக்காதில்ல என்று கேட்டுக்கொண்டே நீட்டினார். கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்று வாங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். இந்த நேரத்தில் நான் யாரையும் வேண்டாம் என்று சொல்வதாக இல்லை.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அதையும் எழுதிவிட்டால்தான் மேலே கை ஓடும். பழைய கப்பல் உடைக்கிற யார்டு, தரையில் வேலை என்றுதானே சொல்லிவிட்டுப் போனீர்கள்? ஏரியில் முழங்காலுக்கு மேல் இறங்காத ஆள் நீங்கள். நீங்கள் போய்ப் பதினைந்தாம் நாள் போனில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டு நான் குடைந்த பிறகுதானே உண்மை வந்தது? கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கிற கப்பல்களைக் கிரேனால் கடித்துத் தூக்கி, பார்ஜ் என்கிற மிதக்கிற மேடையில் போடுகிறார்களாம், நீங்கள் வெட்டுகிறீர்களாம். வேறு கப்பல் தூரத்தில் தெரிந்தால் எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்களாம். நேர்மையான வேலைக்குத் தார்ப்பாய் எதற்கு என்று கேட்டேன். சிரித்தீர்கள். யுத்த காலத்துக் கப்பல், உள்ளே பழைய குண்டுகூட வரும் என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

கோபத்தில் பாதி என் மேல்தான். இங்கே கான்ட்ராக்ட் போய் நீங்கள் இரண்டு மாதம் சும்மா இருந்தபோது, "போறதுன்னா போ, ஊட்ல குந்திக்கினு என் மூஞ்சிய பாக்காத" என்று சொன்ன வாய் என்னுடையது. நீங்கள் அதை மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

போன் நின்ற வாரமே, அங்கிருந்து லீவில் வந்த தடா ஆள் மூலமாக நீங்கள் கொடுத்தனுப்பிய கிண்ணம் வந்து சேர்ந்தது. இரும்புக் கப்பலுக்கு அடியில் இன்னொரு பழைய மரக்கப்பல் கிடந்தது, அதில் அடுக்கடுக்காகக் கிண்ணங்கள் இருந்தன, கிரேன் எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டது, இது ஒன்றுதான் முழுசு என்று சொல்லியிருந்தீர்களாம். பிரின்சி அதைக் கழுவிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். அடியில் நீல மீன் ஒன்று வரைந்திருப்பதைப் பார்த்து, குணசுந்தரி டீச்சர் சீனாவில் செய்தது, சில நூறு வருஷம் பழையது என்றாராம். நம் பழவேற்காட்டிலிருந்து சாயத்துணி ஏற்றிக்கொண்டு கப்பல்கள் அந்தப் பக்கம் போகுமாம். மலாக்காவில் துணியைக் கொடுத்துவிட்டு கிராம்பும் ஜாதிக்காயும் இந்த மாதிரிக் கிண்ணங்களும் வாங்கிக்கொண்டு, பருவக் காற்று மாறுகிற வரைக்கும் அங்கேயே காத்திருந்து திரும்புவார்களாம்.

பிரின்சி இதை வந்து சொன்னபோது நான் கேட்ட ஒரே கேள்வி, திரும்பாதவர்களின் வீட்டுக்கு யார் வந்து சொல்வார்கள் என்பதுதான். டீச்சரைக் கேட்டுவிட்டு வந்தாள். யாரும் சொல்ல மாட்டார்களாம். அடுத்த காற்றுக்கும் கப்பல் வரவில்லையென்றால் வீட்டிலிருப்பவர்களே புரிந்துகொள்ள வேண்டியதுதானாம். கிண்ணத்தில் நான் எதுவும் ஊற்றவில்லை. இதில் சாப்பிட இருந்தவன் யாரோ, அவன் பெண்டாட்டி எத்தனை காற்று பார்த்தாளோ. பீரோவுக்கு மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இனிமேல் எழுதுவதற்காகத்தான் இந்தக் கடிதமே. திங்கட்கிழமை எங்கள் உருக்காலை யார்டுக்கு நான்கு கன்டெய்னர் ஸ்கிராப் வந்தது. மலேசியா லோடு என்றார் சூப்பர்வைசர் பூவராகவன். கதவைத் திறந்ததும் ஒரே கருவாட்டு நாற்றம். தகடுகளின் மேல் சிப்பி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னா பேஜாரு லோடு இது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பெண்கள் பிரிக்க உட்கார்ந்தோம். எங்கள் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. மூடின சாமான் எதுவும் உலைக்குள் போகக் கூடாது. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தாலும் உருகின இரும்பில் பட்டு வெடித்துவிடும். மூடின தொட்டி, குழாய், சிலிண்டர் எதுவானாலும் தனியே எடுத்துவைத்து, ஓட்டை போட்ட பிறகுதான் அனுப்புவோம்.

நான்காவதாகப் புரட்டிய தொட்டியில் ஓட்டை ஏற்கெனவே இருந்தது. எல்லாரும் போடுகிற மாதிரி வட்டமாக இல்லை. சிலுவை மாதிரி இரண்டு கோடு.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது வருஷம் இதே யார்டில் நீங்கள் போட்ட ஓட்டை எனக்குத் தெரியாதா? ஒரு பொத்தலுக்கு ரெண்டு கோடு எதுக்குடா, கேஸ் உங்க அப்பன் ஊட்டுதா என்று பூவராகவன் கத்துவார். தண்ணி ஒரு பக்கம் இறங்கணும், காத்து ஒரு பக்கம் ஏறணும் சார் என்று நீங்கள் நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்ததையும் அப்படியே போடுவீர்கள். அன்று மத்தியானத்துக்குள் பதினொரு சிலுவை கண்டுபிடித்தேன். பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே வேலை செய்தேன். நாற்பது நாளாகப் பேசாத புருஷன் பதினொரு தடவை பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பன்னிரண்டாவது ஓர் ஆளுயரக் குழாய். இரண்டு பக்கமும் தகடு வைத்து மூடியது. மேலிருந்து கீழே வருகிற கோடு அழுத்தமாக, உங்கள் கோடுதான். குறுக்குக் கோடு இடது பக்கம் தொடங்கி ஒரு விரல் நீளம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு நேராகப் போகவில்லை. யாரோ கையைத் தட்டிவிட்ட மாதிரி கீழே வழுக்கி இழுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டது. கனத்த குழாய், எந்தக் கோடும் உள்ளே வரைக்கும் துளைக்கவில்லை.

கேஸ் தீர்ந்துபோயிருக்கும் என்றார் பூவராகவன். கேஸ் தீர்ந்தால் கோடு நிற்கும், வழுக்காது. சாப்பாட்டு மணி அடித்திருக்கும் என்றாள் ஒருத்தி. நடுவில் மணி அடித்ததற்காக டார்ச்சைக் கீழே வைக்கிற ஆளா நீங்கள்? உங்களால் எத்தனை நாள் என் சோறு ஆறிப்போயிருக்கிறது. தலைவலி என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்றை எழுத இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். இன்று காலையில் சந்திரமோகனிடம், திடீரென்று விசா எப்படி வந்தது என்று கேட்டேன். ஆசையாகச் சொன்னார். "பார்ஜுல கட்டர் எடம் ஒண்ணு காலியாச்சாம்க்கா. ஒடனே ஆள் வோணும்னாங்க."

அந்தப் பார்ஜில் எத்தனை கட்டர் இருக்கிறீர்கள் என்று நீங்கள் சொன்னதே இல்லை. நானும் கேட்டுவைக்கவில்லை. குழாயைப் பற்றி அவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவர் போக மாட்டார். போகாவிட்டால் இந்தக் கடிதம் உங்களுக்கு வராது. இது பாவம் என்று தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

மீதியை இப்போது எழுதுகிறேன். அந்தக் குழாயைச் சனிக்கிழமை வரைக்கும் தொட வேண்டாம் என்று பூவராகவனிடம் கெஞ்சியிருந்தேன். மூடின ஐட்டம் யார்டில் கிடந்தால் சேப்டி ஆபீசர் என்னைத்தான் கேட்பான் என்று இன்று காலையில் வெட்டச் சொல்லிவிட்டார். ஆனாலும் நல்ல மனுஷன். வெட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிரின்சியின் டிராயிங் தாளை அந்த வெட்டின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டேன். பிறகு, அந்தக் குறியில் கை வைக்காதே, வேறு பக்கம் ஓட்டை போடு என்று கட்டரிடம் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன்.

எல்லாரையும் தூரப் போகச் சொல்லிவிட்டுத்தான் வெட்டினார்கள். நான் காது இரண்டையும் பொத்திக்கொண்டேன். ஓட்டை விழுந்ததும் கறுப்புச் சேறும் கடல் தண்ணீரும் கொட்டின, அவ்வளவுதான். குண்டு இல்லை, மருந்து இல்லை. பெண்களெல்லாம் என் முதுகில் தட்டி, பார்த்தாயா, ஒன்றும் இல்லை, நீயாகப் பயந்து சாகிறாய் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். கழுவுகிற இடத்துக்குப் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. இந்தக் குழாய் வெடிக்கவில்லை என்றால் உங்கள் கையை வழுக்க வைத்தது எது? உங்கள் பக்கத்தில் யார் எதை வெட்டிக்கொண்டிருந்தார்கள்?

மத்தியானம் குழாய் உலைக்குள் போய்விட்டது. இந்நேரம் கம்பியாகியிருக்கும்.

வேலை விட்டதும் ஷேர் ஆட்டோ பிடித்து எளாவூருக்குப் போனேன். சந்திரமோகன் புதுப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுமலதாவுக்கு ஏழாம் மாதம். அதைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. குழாய், வழுக்கின கோடு, காலியான இடம், எல்லாவற்றையும் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். போகாதீர்கள் என்றும் சொன்னேன். கடிதம் போய்ச் சேர வேறு வழியில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில் இருக்கிறதாம், கையெழுத்தும் போட்டாயிற்றாம். கடைசியில், "லெட்டர நாளைக்கு காலைல வந்து வாங்கிக்கிறேன்க்கா. சட்டைப் பாக்கெட்லயே வெச்சிக்கினு போறேன்" என்றார்.

பிறகு நாங்கள் ஒன்று பேசிவைத்தோம். போன் இல்லாவிட்டாலும் லோடு வந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே வெட்டுகிற இரும்பு இங்கே எங்கள் கைக்குத்தான் வருகிறது. அவர் வந்து உங்களைப் பார்த்ததும் நீங்கள் ஒரு தகட்டில் முழுச் சிலுவை போட்டு, பக்கத்தில் பிரின்சிக்கு ஒரு 'பி' போட வேண்டும். அதைப் பார்த்தால் எனக்குப் போதும். சரி என்றார். அப்புறம், "ஒருவேள அண்ணன் அங்க..." என்று ஆரம்பித்தார். அதற்கு ஒரு குறி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் பேசிவைத்தது ஒரே ஒரு குறிதான்.

கப்பல் இரும்புக்கு அவர் புதுசு. மூடின சாமானை எப்படித் தட்டிப் பார்ப்பது, எங்கே நின்று வெட்டுவது என்று கூடவே நின்று சொல்லிக்கொடுங்கள். சுமலதா முகத்தில் நான் நாளைப்பின்னே முழிக்க வேண்டும்.

பென்சிலால் தேய்த்த தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். பிரின்சி பார்த்துவிட்டு, அப்பா ஏன் பாதியில் விட்டார் என்று கேட்டாள். வந்து முடிப்பார் என்றேன். மீதிக் கோட்டைப் பேனாவால் நானே போட்டுவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. போடவில்லை. அது உங்கள் கை போட வேண்டிய கோடு.

கடிதத்தை உங்கள் கையில் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று சந்திரமோகனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். திருப்பி என்னிடம் கொண்டுவந்துவிடவும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வீட்டிலேயே உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஆழத்திலிருந்து கூப்பிடுகிறவர்களின் சத்தத்தைக் கேட்கிற தேவன் உங்கள் கையையும் கண்ணையும் காத்து, உங்களை நடத்திக்கொண்டு வருவாராக.

அடுத்த லோடைப் பிரிக்கக் காத்திருக்கும்,
உங்கள் கிரேஸ்