மின் இணைப்புள்ள இடம்

அன்பு மகளுக்கு,

ஆகஸ்ட் மாதத்துக்கு ஃபிளாட்ஹெட் ஏரி முகாமில் இடம் பிடித்துவிட்டேன். ஆறு மாதம் முன்பே பதிவு செய்யாவிட்டால் கேரவனை நிறுத்த இடம் கிடைக்காது என்பது உனக்கே தெரியும். இம்முறை கரையோரம் கேட்கவில்லை. குழந்தைகள் விளையாடும் திடலுக்குப் பின்னால், மின் இணைப்புள்ள இடம். அங்கிருந்து மலை தெரியும், தண்ணீர் தெரியாது.

முகாம் அலுவலகத்து லோரெட்டா தொலைபேசியில் சிரித்தாள். "கரண்டா? கரண்ட் வேணும்னா வீட்லயே கெடக்க வேண்டியதுதானேன்னு ஊரையே கிண்டல் பண்ற மனுஷனாச்சே உங்க வீட்டுக்காரரு!"

நானும் சிரித்துவைத்தேன். உன் அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரத்துக்காக என்று அவளிடம் சொல்லவில்லை.

எத்தனை பேர் என்று கேட்டாள். மூன்று என்றேன். நாற்காலியிலிருந்து உன் அப்பா தலையைத் திருப்பினார்.

"மூணா? அவ வரேன்னாளா?"

"வருவா."

"என்கூடப் பேசி ரெண்டு வருஷமாச்சு. கரண்ட் இருக்குன்னதும் ஓடி வந்துடுவாளாக்கும்!" இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, படகில் நீ போட்டுக்கொள்ளும் மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மருத்துவரைத் தனியாகப் பார்த்து, ஆகஸ்டில் ஏரிக்குப் போகலாமா என்று கேட்டேன். அதற்கு அவர், மகள் எந்த ஊரில் இருக்கிறாள், வந்துசேர எத்தனை மணி நேரமாகும் என்று விசாரித்தார்.

பதிவை நான் ரத்து செய்யமாட்டேன். உன் அப்பா தினமும் பதிவுத் தாளை எடுத்துப் பார்க்கிறார். நீ மட்டும் ஆகஸ்டுக்காகக் காத்திருக்காதே. இந்த வாரமே வா.

உன் அம்மா