மத்தியான வெயிலில் இரண்டு சுவெட்டர்

மார்ச் 15, சனி

டொக்டருக்கு நம்பர் பதிகிற ஹட்டன் சேனல் சென்டரில் எந்த டொக்டர் வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் எலும்பு டொக்டர் என்றே சொல்லிவந்தேன். என் மனைவி சரசு தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், கைகால் உளைகிறது என்கிறாள், வேறு யாரிடம் காட்டுவது என்றுதான் நினைத்தேன்.

இன்று மூன்றாவது முறை. டொக்டர் அவள் கால்களைப் பார்க்கவே இல்லை. ஊதியிருந்த முகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு சுவெட்டரையும் பார்த்தார்.

"எப்ப இருந்து இப்பிடிக் குளிருது?"

"தோட்டத்து லயத்து வீட்டுல எல்லாருக்கும் குளிர்தானே சேர்" என்று அவளுக்கு முந்தி நான் சொன்னேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

அவர் அவளது தொண்டையை மெதுவாகத் தடவிப் பார்த்தார். "தைராய்டு பிரச்சினையா இருக்கலாம், இந்தக் குளிர், உளைவு, அசதி எல்லாம் அதாலயா இருக்கும். ரத்தம் சோதிச்சுட்டு ஹோர்மோன் டொக்டர்கிட்ட காட்டுங்க. கண்டிக்குத்தான் போகணும்" என்றார்.

அப்படி ஒரு டொக்டர் இருப்பதே எனக்குத் தெரியாது. கண்டியில் யார் நல்லவர் என்று யாரிடம் விசாரிப்பது? அங்கேயும் தப்பான ஆளைச் சொல்லித் தொலைத்தால்?

கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருஷத்தில் சரசு குளிர் என்று ஒருநாளும் முனகியதில்லை. இந்த வருஷந்தான். அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தலவாக்கலை தாண்டியதும் கேட்டாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லதானேங்க?"

வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்கு அவள் பிந்திய ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். அவள் பக்கத்து ஜன்னலை இழுத்து மூடினேன்.