ஒன்றும் நடக்காத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்
லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்த எனக்கு மேலாளர் நாற்காலி கிடைத்து இரண்டு வருடம். இன்று முதலாளி புதுக் கொள்கை அறிவித்தார். "இனிமே ரிப்பேர் பண்றது பெருமையில்ல. ரிப்பேரே வராம பாத்துக்கறதுதான் நம்ம தொழில்." எல்லோரும் கை தட்டினோம். அதற்கு ஒத்துவராத ஒருவரை நீக்கவேண்டுமாம். யாரென்று சொல்லும் பொறுப்பு என் தலையில்.

மார்ச் 6
பட்டியல் கொடுத்துவிட்டேன். மூன்று மாதத்தில் எந்த மெக்கானிக் எத்தனை புகார் முடித்தார் என்று அடுக்கியதில் முதலிடம் நாங்கள் 'புயல்' என்று கூப்பிடும் பையன், நூற்று நாற்பது. கடைசி 'பூனை', வெறும் ஒன்பது. வருவதும் தெரியாது போவதும் தெரியாது, அதனால் அந்தப் பெயர். பதினாலாம் தேதி பூனைக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுக்கவேண்டும். அவர் வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

மார்ச் 7
மனசு கேட்கவில்லை. "தட்டுல என்னத்தத் தேடறீங்க?" என்றாள் மனைவி.

மார்ச் 10
பூனையுடன் நாள் முழுக்கச் சுற்றினேன். ஐந்து கட்டடங்கள். ஒன்றிலும் யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. கதவு ஓடும் தடத்தில் சேர்ந்த மண்ணைப் பழைய பிரஷ்ஷால் தள்ளினார், கேபிளைத் தடவிப் பார்த்தார், அடுத்த கட்டடம்.

"புகாரே இல்லாம எதுக்குண்ணே வர்றீங்க?"

"புகார் வந்தப்புறம் வந்தா உள்ள ஆள் மாட்டியிருக்குமே, தம்பி."

"இதையெல்லாம் எழுதி வைக்கலாம்ல?"

"என்னன்னு எழுதறது? ஒண்ணுமே நடக்கலன்னா?"

திரும்பி வந்து புயலின் தாள்களைப் புரட்டினேன். ஒரே கட்டடம், ஒரே கதவு, பதினோரு தடவை. பதினொன்றிலும் என் கையெழுத்து. அவனைச் சொல்லி என்ன? நான் எண்ணிக்கை கேட்டேன், கொடுத்தான்.

மார்ச் 11
வெட்கமாக இருக்கிறது. சொன்னால் என் லட்சணம் வெளியே வரும். சொல்லாவிட்டால் — பூனை பேசாமல் கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சண்டைகூடப் போடமாட்டார், பாவி மனுஷன்.

மார்ச் 13
முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புது ஏற்பாட்டையும் வரைந்து கொடுத்தேன். ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் சொந்தமாகச் சில கட்டடங்கள். லிஃப்ட் நிற்காமல் ஓடிய நாட்கள்தான் கணக்கு. புகாரைப் பிரித்துக் கொடுக்க நடுவில் ஆள் தேவையில்லை. முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நீ எங்கப்பா இருக்க?"

"நானும் தேடிட்டேன் சார். காணோம்."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 2
மறுபடி சட்டையில் எண்ணெய்க் கறை. என் பொறுப்பில் ஆறு கட்டடங்கள், பூனையின் பொறுப்பில் பத்து. இன்று யாரும் கூப்பிடவில்லை. போன் வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.