ஐந்தாவது சலுகை

மார்ச் 4

வெளிநாட்டுக் கார் கம்பெனிக்கான சலுகைக் கடிதம் மறுபடி என் மேசைக்கே வந்துவிட்டது. பக்கத்து நாடு பத்து வருட வரிவிலக்கு என்றால் நாங்கள் பன்னிரண்டு. அவர்கள் நிலம் இலவசம் என்றால் நாங்கள் தண்ணீரும் மின்சாரமும் இலவசம். முதலீட்டு அலுவலகமா, ஏலக்கடையா?

மார்ச் 9

இயக்குநர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "அஞ்சாவதா இன்னும் ஒண்ணு வேணும்மா. தொழிற்சங்கம் கூடாதுங்கறத நாசூக்கா எழுதிடு."

'பத்தாண்டுகளுக்குத் தொழிலாளர் அமைதி உறுதி செய்யப்படும்' என்று எழுதினேன். சங்கம் என்ற சொல்லே இல்லை. சபாஷ் என்றார். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் சங்கச் செயலாளர். "ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கேட்டார். வழக்கம்போலத்தான் என்றேன்.

மார்ச் 10

நான் எழுதியது புதிதாக வரும் தொழிற்சாலைக்கு மட்டும்தானே?

ஏப்ரல் 2

கம்பெனி பக்கத்து நாட்டுக்கே போய்விட்டது. எங்கள் கடிதத்தை அங்கே காட்டி, அதற்கு மேலும் கறந்துகொண்டார்களாம். "நம்மள வச்சு பேரம் பேசிட்டாங்கம்மா" என்று இயக்குநர் சிரிக்கிறார்.

கம்பெனி போனது, ஐந்தாவது சலுகை போகவில்லை. அடுத்து வருபவர்களுக்குப் பிடிக்கவேண்டுமாம். எல்லா ஆலைகளுக்கும் அவசரச் சட்டமாக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 17

என் வீட்டுக்காரரையும் சங்கத்தில் இன்னும் எட்டுப் பேரையும் ஆலை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு வருட வேலை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐயோ, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நான்?

அவர் கத்தவில்லை. "அத எழுதறப்ப என்னை நெனச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். அதை எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 20

அவர் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். போன் செய்தால் நாத்தனார்தான் எடுக்கிறார். "கொஞ்ச நாள் விட்டுடும்மா."

மே 6

அடுத்து ஒரு பேட்டரி கம்பெனி. ஐந்தாவதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அது இப்ப சலுகை இல்லம்மா, சட்டம். ஆறாவதா என்ன குடுக்கலாம், சொல்லு."

மே 21

சட்டத்தை எதிர்த்துச் சங்கம் போட்ட மனு அலுவலகத்துக்கு வந்தது. இத்தனை வருடமும் அவர்கள் மனுவையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நான்தான் எழுதிக் கொடுத்தேன். இது அவரே எழுதியது. வரிகள் கோணலாக ஓடுகின்றன. பல இடங்களில் அடித்துத் திருத்தியிருக்கிறார். படிக்கப் படிக்க அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

மறுத்துப் பதில் எழுதும் வேலை எனக்கு. 'மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருக்கிறேன். என் போனைத்தான் அவர் எடுப்பதில்லை. இதையாவது படிப்பார்.