டூக்கானுக்குப் பிழிந்த தேசிக்காய்

இஞ்சாருங்கோ,

இன்று காலை பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்துத் தமிழ்க்கடையில் ஒரு பப்பாப்பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். நல்ல பழுத்த வாசம். உங்களை நினைத்து முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது. கடைக்காரர், "என்ன அக்கா, பழம் பழுதோ?" என்று பதறிப்போனார். "பழம் திறம், தம்பி," என்று சொல்லி இரண்டாய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பதினெட்டு வருசம் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவிய உங்களுக்கு, கண்ணாடிக் கூரைக்குக் கீழே மழைக்காடு வளர்க்கும் அந்த இடத்தில் பறவைகளுக்குப் பழம் வெட்டும் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த எடுப்பு இருக்கே! சோறு ஆற ஆற, டூக்கான் என்ற அந்தப் பெரிய அலகுப் பறவையின் கதைதான். "இஞ்சாரும், அந்தப் பெரிய சொண்டு பாரமெண்டு நினைக்கிறீர் என்ன? உள்ளுக்குள்ளை முழுக்கத் தேன்கூடு மாதிரிக் கண்ணறை, சரியான லேசு. வெக்கையெண்டால் சொண்டாலைதான் சூட்டை வெளியிலை விடும்." நித்திரைக்குப் போகும்போது சொண்டை முதுகில் வைத்து, வாலை மேலே மடித்துப் பந்தாகிவிடும் என்று எழும்பி நின்று நடித்தும் காட்டினீர்கள். மகளுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அது விதை பரப்பும் கதையென்றால் உங்களை நிறுத்தவே முடியாது. சின்னக் குருவிகளின் வாய்க்குள் போகாத பழத்தை முழுசாய் விழுங்கி, கொட்டையைத் தூரத்தில் போய்க் கக்குமாம். "இதுகள் இல்லாட்டி அந்த மரங்களின்ரை பிள்ளையளை ஆர் கொண்டுபோய் வளர்க்கிறது?" என்று கேட்பீர்கள். மற்றப் பறவைகளின் முட்டையை அது களவெடுத்துத் தின்பதை மட்டும் மெல்ல மறைத்துவிடுவீர்கள். அதை மகள்தான் தேடிப்பிடித்துச் சொன்னாள்.

ஒரு மாசி மாதம் ஒரு டூக்கான் சரியாய்ச் சாப்பிடவில்லை. நீங்கள் நம்மட வீட்டுப் பழக்கத்தில், வெட்டின பப்பாப்பழத்துக்கு மேலே தேசிக்காய் பிழிந்து கொடுத்தீர்கள். அது ஆசையாய்த் தின்றது. மூன்று நாள் இப்படிப் போனது. பிறகுதான், வேலைக்குச் சேர்ந்த அன்று விளங்கினமாதிரித் தலையாட்டிவிட்டு வந்த பறவைத் தீனி விதிகள் எழுதின பிரெஞ்சுத் தாளைப் படமெடுத்து வந்து மகளிடம் வாசிக்கக் கொடுத்தீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, அதுதான் நம்மட தேசிக்காய், தோடம்பழம், இரண்டும் கூடவே கூடாது என்று அதில் இருந்தது. டூக்கானின் உடம்பு கிடைக்கிற இரும்புச்சத்தையெல்லாம் சேர்த்து வைக்குமாம். இந்தப் பழங்கள் அதை இன்னும் கூட்டி ஈரலைப் பழுதாக்குமாம். அவள் வாசிக்க வாசிக்க உங்கள் முகம் செத்துப்போனது.

"பேசாமல் இருங்கோ. ஆர் கண்டது? சொன்னால் உள்ள வேலையும் போயிடும்," என்று நான் கத்தினேன்.

அடுத்தநாள் விடிய சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, "அது வாய் திறந்து சொல்லாது. நான்தான் சொல்லோணும்," என்றீர்கள். மெட்ரோவுக்கு நடந்துபோனதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் மேலாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு பறவையின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நல்லகாலம், ஒன்றும் ஆகவில்லை. உங்களைத் தளம் கழுவ விட்டார்கள். கோடைக்குள் அவர்களே கூப்பிட்டுத் திரும்பவும் பழம் வெட்டத் தந்தார்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு அந்த மேலாளர் அம்மா வந்திருந்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பிரெஞ்சில் கதைத்தா. மகள் தயங்கித் தயங்கித்தான் எனக்குச் சொன்னாள். "அம்மா, அப்பா அண்டைக்குப் போய், 'என்ரை மனுசிதான் உண்மையைச் சொல்லச்சொல்லி அனுப்பினவ' எண்டு சொன்னவராம். அந்த மனுசியைப் பார்க்கோணும் எண்டு இவவுக்குக் கனநாள் ஆசையாம்."

அடப்பாவி மனுசா! உங்கள் வாயிலிருந்து வந்ததில் நான் கண்டுபிடித்த ஒரே பொய் அதுதான். சனம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்.

"இல்லையெண்டு சொல்லு பிள்ளை," என்றேன். "சொல்லவேண்டாம் எண்டு மறிச்சது நான். அவர்தான் கேக்காமல் போனவர்."

எனக்கு வெட்கம் வரவில்லை. இப்படியொரு மனுசனுக்கு மனுசி என்று நிமிர்ந்து நின்றேன். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறேன்.