முன் டின்னில் விழாத மழை

12-6-78, திங்கள்

தோட்டத்து ஆபீசில் இருந்தவர்கள்: துரை, பெரிய கிளாக்கர், யூனியன் தலைவர் செல்லசாமி, என் வீட்டுக்காரர் இவர். வாசற்படியில் நான். இறந்துபோன மீனம்மாவின் புருஷன் ஆண்டியப்பன் வரவில்லை. மகள் பூரணியைக் கூட்டிக்கொண்டு உடப்புசல்லாவையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

போன வாரம் இவர் ஓட்டிய தேயிலைக் கொழுந்து லொறி வளைவில் இடது பக்கமாகச் சரிந்து மீனம்மா செத்ததற்கு விசாரணை. பாக்டரி மழைமானியில் அன்று கால் அங்குலந்தான் என்றார் துரை. "இந்த மழைக்கா பாதை தெரியாமப் போச்சு, இக்னேசியஸ்?"

"முன் கண்ணாடியில நேரா அடிச்சிச்சுங்க துரை." என்றார் இவர்.

அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுவார்கள். மழைதான் காரணம் என்று ஏற்காவிட்டால் வேலையும் போகும், இந்த வீடும் போகும்.

சாவு வீட்டில் ஆண்டியப்பன் இவர் கையைப் பிடித்து, "மழை செஞ்சதுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க" என்றாரே. அந்த மனுசனுக்குத் தெரிந்தது ஆபீசுக்குத் தெரியவில்லையே.

14-6-78

மழைமானியின் வாய் வானத்தைப் பார்க்கிறது. லொறிக் கண்ணாடி பாதையையல்லவா பார்க்கிறது? கொஞ்ச மழையானாலும் காற்றில் சாய்ந்து வந்தால் கண்ணாடியில் நிறைய அடிக்காதா? அதை யார் அளந்தார்கள்?

பால்மா டின் நான்கை வளைவில் ஒரு கம்பத்தில் படுக்கவைத்துக் கட்டினேன். பிடித்த தண்ணீர் வழியாமலிருக்க வாயைச் சற்றே நிமிர்த்தினேன். லொறி கீழே இறங்குகிற மாதிரி நினைத்து முன், பின், இடது, வலது என்று கடுதாசி ஒட்டினேன். அளக்க அவுன்ஸ் கோடு போட்ட மருந்துப் போத்தல். ஒரு ஜெபமாலை சொல்லி முடித்தேன்.

இவருக்குப் பதிலாக ஓட்டும் அழகன் லொறியை நிறுத்தி, "என்னக்கா, மழைக்கிட்ட பால் கறக்குறீங்களா?" என்றான்.

"ஆமா, ஒனக்கும் ஒரு டம்ளர் தாரேன். போ."

17-6-78

பின் டின் மூன்று அவுன்ஸ். வலது ஒன்று. இடது அரை. முன் டின் வெறும் ஈரம்.

ஒருநாள் மழையை வைத்து என்ன சொல்ல முடியும்?

23-6-78

வாரம் முழுக்க அப்படியேதான்.

நிற்கிற கம்பமும் ஓடுகிற லொறியும் ஒன்றா? ஓடும்போது வண்டியே போய் மழையில் முட்டுமே. அழகனைக் கெஞ்சி லொறியிலேயே டின்களைக் கட்டினேன். வளைவுக்கு மேலே மூடியைத் திறந்து, இவர் இறங்குகிற மாதிரி இரண்டாம் கியரில் மெல்ல இறங்கி, கீழே போய் மூடச் சொன்னேன். முன் டின்னில் ஒரு தேக்கரண்டி கூட இல்லை. மழை முதுகில்தான் அடிக்கிறது.

அழகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வைப்பர் போடாமலே பாதை தெரியுதுக்கா" என்றான்.

24-6-78

அன்றைக்கு வேறு பக்கக் காற்றாக இருந்திருக்கலாம் — இல்லை. அன்றும் இதே மேற்குச் சாரல். மேக்க பாத்த அடுப்படிக்குள்ள தண்ணி வந்து நாந்தானே தொடச்சேன்.

25-6-78, ஞாயிறு

முன், பின் கடுதாசியை மாற்றி ஒட்டினால் துரைக்கு என்ன தெரியப்போகிறது? பூசை முழுக்க இதே நினைப்பு. மாதாவே.

28-6-78

சாயந்தரம் இவரைக் காணோம் என்று தேடிப் போனேன். கம்பத்தடியில் நனைந்துகொண்டு நின்றார். ஒவ்வொரு டின்னாக விரலை விட்டுப் பார்த்தார். முன் டின்னில் விட்ட விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துதான் சொன்னார். "இடது கண்ணு ஈஸ்டருக்கு முந்தியே பொகையாயிருச்சு, சுகிர்தம்."

"ஏன் சொல்லல?"

"லைசென்ச புடுங்கிருவாங்கல்ல."

எனக்கு அழுகை வரல. கோவந்தான் வந்துச்சு. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு — எங்கிட்டயாவது? மீனம்மா லொறியில இடது பக்கந்தானே கொழுந்துச் சாக்கு மேல உக்காந்திருந்தா. பாவி மனுசா.

நானாவது பார்த்திருக்க வேண்டாமா, எத்தனை தரம் வாசல் நிலையில் இடித்துக்கொண்டார்?

3-7-78

மறு விசாரணை. டின்களை ஆபீசுக்குக் கொண்டுபோகவில்லை. தேவைப்படவில்லை. இவரே லைசென்சை மேசையில் வைத்து, "மழை இல்லீங்க துரை, என் கண்ணு" என்றார். துரை அதை எடுத்து பைலுக்குள் வைத்தார்.

வெளியே வந்ததும் செல்லசாமி, "வாய்க்குப் போன சோத்தத் துப்பிட்டியேப்பா" என்றார்.

வேலை இல்லை. மாத முடிவில் வீட்டை விட வேண்டும். பொலிசுக்கும் எழுதுவார்களாம்.

9-7-78, ஞாயிறு

என் தங்கை தெரேசா வட்டவளையில் ஓர் அறை பார்த்துவிட்டாள்.

பூசை முடிந்து வந்து, இவர் சொல்லச் சொல்ல ஆண்டியப்பனுக்கு எழுதினேன். இரண்டு தரம் எழுந்து வெளியே போய்விட்டார். மிச்சத்தை நானே எழுதினேன்.

"தம்பி, மழை முன்னால் அடிக்கவில்லை. எனக்கு இடது கண் சரியாகத் தெரியாது. தெரிந்தேதான் லொறி எடுத்தேன். ஆபீசில் சொல்லிவிட்டேன், உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் சுகிர்தமும் வந்து உங்களையும் பூரணியையும் பார்க்கலாமா, வரக்கூடாதா? ஏசி எழுதினாலும் சரி. கீழே இருப்பது வட்டவளை விலாசம். சீக்கிரம் ஒரு பதில் போடுங்கள்."