வரி விழுந்த பட்டாம்பூச்சி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லையென்றால் பதறிப்போய்க் கடிதத்தைக் கடைசியிலிருந்து படிக்க ஆரம்பிப்பாய்.

காலண்டருக்காக நான் அனுப்பிய படங்களைப் பற்றி நீ எழுதியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். மஞ்சள் இறக்கையில் பட்டை பட்டையாகக் கறுப்பு வரி போட்ட இந்த இனத்தை உன் ஸ்டூடியோவில் யாருமே பார்த்ததில்லை, பெயர் என்ன என்று கேட்டிருக்கிறாய். ஊருக்கெல்லாம் படம் பிடிக்கிற நீயே ஏமாந்துவிட்டாயே! அது சாதாரண மஞ்சள் பட்டாம்பூச்சிதான். வரியெல்லாம் எங்கள் சன்னல் கம்பியின் நிழல்.

கேமராவைக் கொடுக்கும்போதே, ப்ளாஷ் போடாதே, இயற்கை வெளிச்சத்தில் எடு என்று நீதானே சொன்னாய்? இந்த வீட்டில் வெயில் எட்டிப் பார்ப்பது சமையலறைச் சன்னலில் மட்டும்தான். அதுவும் காலையில், அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு. குளிரில் விறைத்த பட்டாம்பூச்சி கம்பிக்குள் நுழைந்து, தொட்டிச் செடியில் உட்கார்ந்து, இறக்கையை விரித்துச் சூடேற்றிக்கொள்ளும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்போதே எடுத்துவிட வேண்டும். சூடேறியதும் வந்த வழியே போய்விடும். எனக்குப் பொறாமையாக இருக்கிறது அக்கா.

அடுத்த படங்களைத் திறந்த வெளியில் எடு என்கிறாய். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பூங்கா எதிரிலேயே இருக்கிறது. போய்வரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "வெளியில எதுக்கு அலையணும்? உனக்குப் பட்டாம்பூச்சிதானே வேணும்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலமே பூந்தொட்டிகளோடு வந்தார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். காய்கறியும் அவரே வாங்குகிறார், துணிமணியும் அவரே. ரிப்பேருக்கு என்று எடுத்துப்போன என் போன் போனதுதான். அம்மா அவருடைய போனில் கூப்பிடும்போதெல்லாம், "உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறார்டி" என்கிறாள். அவர் பக்கத்திலேயே நிற்கிறார். ஆமாம்மா என்கிறேன்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா புண்ணியத்தில்தான் உனக்குக் கடிதமும் கேமரா கார்டும் வருகின்றன. சன்னல் வழியாகக் கயிற்றில் பையை இறக்குவேன். எடுத்துத் தபாலில் சேர்ப்பார். உன் பதிலும் அவர் வீட்டு முகவரிக்கு வந்து, அதே கயிற்றில்தான் மேலே ஏறுகிறது. "மேல ஒரு கிழிஞ்ச துணியைப் போட்டு அனுப்பு, பாக்கிறவங்க தைக்கக் குடுத்ததுன்னு நினைச்சுப்பாங்க" என்று யோசனை சொன்னதும் அந்தத் தையல்காரம்மாதான். உனக்கு எழுத எழுத, என்னிடம் கிழியாத துணியே குறைந்துவிட்டது.

அந்த வரிப் படத்தைக் காலண்டரில் போடாதே அக்கா. வருஷம் முழுக்க அது யார் வீட்டுச் சுவரிலும் தொங்க வேண்டாம். நிழல் விழாத படம் நான் எடுத்துத் தருகிறேன், எதிர்ப் பூங்காவில், உன் பக்கத்தில் நின்று. நீ வா. அவருக்குத் தகவல் சொல்லாதே, அம்மாவிடமும் மூச்சு விடாதே. வெயில் ஏறிய பிறகு வா. மணி அடித்தும் நான் திறக்கவில்லையே என்று மட்டும் திரும்பிப் போய்விடாதே. பூட்டு உன் பக்கம் இருக்கும். உடைக்க ஆளோடு வா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

சன்னலடியில் காத்திருக்கும்,
உன் தங்கை